ஒரே மண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

மரப்பலகையின் மேல் வைத்தால் மோட்டார் சுற்றியது. பனிவண்டியின் இரும்பில் திருகினால் எரிந்தது. எரிந்தது மோட்டார் அல்ல, அதற்கு முன்னால் மாட்டியிருந்த டையோடு கட்டை. அதே ஒயர், அதே இன்ஜின், இரும்பு ஒன்றுதான் புதிது. ஹில்க்கா கருகிப்போன கட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒன்று கிடந்தது.

முதல் கட்டை போனதும் மோட்டாரைப் பலகைக்கு மாற்றிப் பார்த்திருந்தாள். பத்து நிமிடம் அழகாகச் சுற்றியது. சுவரில் சாய்ந்திருந்த ஐஸ் உடைக்கும் கடப்பாறை சரிந்து, மோட்டாரையும் வண்டியையும் சேர்த்துத் தொட்டது. இரண்டாவதும் போயிற்று.

இன்று வியாழன். சனிக்கிழமைக்குள் வேறு யார் கையும் படாமல் ஒரு வலையையாவது ஏரியிலிருந்து தூக்கிக் காட்டாவிட்டால், வலைகளை விற்றுவிட்டு ஊர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவதாகத் தங்கை சிர்க்காவிடம் சொல்லியிருந்தாள். இலையுதிர்காலத்தில் வலது தோளில் அறுவை நடந்தது. அந்தக் கையால் காப்பிக் கோப்பையைத் தூக்கலாம். ஐஸுக்கு அடியிலிருந்து முப்பது மீட்டர் ஈர வலையை இழுக்க முடியாது. இனாரி ஏரியில் இருபத்தெட்டுக் குளிர்காலம் வலை போட்டவளுக்குக் கடையில் பால் பாக்கெட்டுகளை அடுக்குவதை நினைத்தாலே தோள் இன்னும் கொஞ்சம் வலித்தது.

அதனால்தான் இந்த ஏற்பாடு. பழைய வேன் ஒன்றின் வைப்பர் மோட்டார். மெதுவாகச் சுற்றும், ஆனால் பலமாக இழுக்கும். அதன் அச்சில் ஒரு மர உருளை. கரண்ட் பனிவண்டியிலிருந்து.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சிர்க்காவின் கணவன் தார்மோ உள்ளே வந்தான். கையில், சூடு ஆற வரிவரியாகத் தகடுகள் வைத்த ஓர் அலுமினியப் பெட்டி.

"என்ன மதினி, புகை வாசம் வருது? நீராவிக் குளியலுக்கு சௌனா சூடேறுதுன்னு தெரிஞ்சிருந்தா துண்ட எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்."

"வாங்க மாப்ளே. குளிக்கிறதுக்கு இல்ல, எரிக்கிறதுக்குத்தான் ஏதோ கொண்டாந்திருக்கீங்க."

"என் மொபெட்டோட ரெகுலேட்டர். டையோடும் இதுக்குள்ளயே இருக்கு, கரண்ட் கூடினா அடக்கவும் செய்யும். ஊர்ல இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் கருக்கிட்டீங்கன்னா என் மொபெட் கோழி அடையத்தான் ஆகும்."

"இப்பவே அதுலதான அடையுது."

தார்மோ சிரித்துக்கொண்டே காப்பிப் பாத்திரத்தைத் தேடினான். "கறுப்பு ஒயர மண்ணுல நல்லா முறுக்கிக் கட்டுங்க. மண்ணு சரியில்லன்னாதான் இப்படி எரியும்."

மண் என்று அவன் சொன்னது வண்டியின் உடம்பை. இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கார், டிராக்டர், லாரி எதுவானாலும் எதிர்முனையை மண்ணில் கட்டிவிட்டால் பாதி ஒயர் மிச்சம். இரும்பே திரும்பும் வழியாகிவிடும்.

"அப்படி இறுக்கிக் கட்டித்தான் மொத கட்டை எரிஞ்சது."

ஹில்க்கா பெட்டியை மாட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

இந்த வண்டி பேட்டரி இல்லாதது, கயிறிழுத்துக் கிளப்புவது. இன்ஜினின் காந்தச் சக்கரம் சுற்றும்போது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், தருவது ஏசி கரண்ட். ஒரு கணம் இந்தப் பக்கம் ஓடும், மறுகணம் அந்தப் பக்கம் ஓடும். முன்விளக்குக்கு அது போதும். இழை சூடாக வேண்டும், அவ்வளவுதான். திசை எதுவானால் என்ன. மோட்டாருக்குத் திசை வேண்டும். நேராக ஏசியில் மாட்டியபோது வா, போ, வா, போ என்று மாறிமாறிக் கேட்டுக் குழம்பி, நின்ற இடத்திலேயே முனகியது. அதற்குத்தான் டையோடு. ஒருவழிக் கதவுகள் நான்கு. காயில் எந்தப் பக்கம் தள்ளினாலும் மோட்டாருக்குள் ஒரே பக்கமாகத்தான் போகும்.

இரண்டு முள்ளுக்கும் நடுவே மின்வழி இருந்தால் ஒலிக்கும் மீட்டரை எடுத்தாள். மோட்டாரின் கூட்டில் ஒரு முள், அதன் எதிர்முனையில் ஒரு முள். பீப் என்றது. சரி, வைப்பர் மோட்டாரின் கூடுதான் அதன் எதிர்முனை. இரும்பில் திருகினால் மோட்டார் மண்ணோடு சேர்ந்துவிடும். பிறகு ஒரு முள்ளைக் காயிலின் மஞ்சள் ஒயரில் வைத்தாள், மறுமுள்ளை இன்ஜின் உடம்பில்.

பீப்.

"மாப்ளே, காயிலுக்கு ரெண்டு முனை உண்டுல்ல? ஒண்ணு மஞ்ச ஒயரு. இன்னொண்ணு எங்க?"

"மண்ணுலதான். தொழிற்சாலையிலயே அப்படித்தான் கட்டி அனுப்புவான்."

"மோட்டாரோட எதிர்முனை?"

"அதுவும் மண்ணு..." தார்மோவின் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது.

"ஒரே மண்ணுக்கு ரெண்டு பேரு பட்டா வச்சிருக்காங்க."

அவள் காகிதத்தில் நான்கு கதவுகளையும் வரைந்து காட்டினாள். கரண்ட் மஞ்சள் பக்கமிருந்து வரும்போது தகராறு இல்லை: கதவைத் தாண்டி, மோட்டாருக்குள் உழைத்து, மண் வழியாக வீட்டுக்குத் திரும்புகிறது. திசை மாறி மண் பக்கமிருந்து கிளம்பும்போதுதான் வினை. அதே மண்தான் மோட்டாரின் எதிர்முனையும். ஆக அது மோட்டாருக்குள் போகவே வேண்டாம். பக்கத்திலிருக்கும் ஒரு கதவைத் திறந்து நேராக மஞ்சளுக்கு ஓடிவிடலாம். வழியில் உழைப்பும் இல்லை, தடையும் இல்லை. அத்தனை கரண்டும் அந்த ஒரு கதவில் முட்டி, அதைக் கருக்குகிறது. பலகையில் வைத்தபோது குறுக்குவழி இல்லை, அதனால் சுற்றியது. கடப்பாறை விழுந்து குறுக்குவழியைப் போட்டுக் கொடுத்தது.

"முப்பது வருஷமா எல்லாத்தையும் மண்ணுல கட்டுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றான் தார்மோ மெதுவாக.

"காருக்கு அது சரி மாப்ளே. ஸ்பானர எனக்குக் கொடுங்க, சக்கரத்த நீங்க பிடிங்க."

இடது கையால் நட்டைக் கழற்றினாள். காந்தச் சக்கரம் பிடிவாதம் பிடித்து, பிறகு 'டக்' என்று விட்டது. பின்னால் அலுமினியத் தட்டில் ஒரு சின்னத் திருகு. அதற்கடியில் நசுங்கிக் கிடந்தது காயிலின் மறுமுனை. திருகை எடுத்து, முனையை விடுவித்து, புது நீல ஒயரை ஈயம் வைத்து ஒட்டி, ரப்பர் உறை போர்த்தி, மஞ்சள் ஒயர் வரும் துளை வழியாகவே வெளியே கொண்டுவந்தாள். மறுபடியும் மீட்டர்: காயிலில் ஒரு முள், உடம்பில் ஒரு முள்.

சத்தமில்லை.

"செத்துப்போச்சா?" என்றான் தார்மோ.

"விடுதலை ஆயிடுச்சு."

மஞ்சளும் நீலமும் அலுமினியப் பெட்டிக்குள் போயின. வண்டியின் பழைய ரெகுலேட்டர் மஞ்சளுக்கும் மண்ணுக்கும் நடுவே நிற்கும் ரகம், அதைக் கழற்றி எறிந்தாள். பெட்டியிலிருந்து வெளிவந்த நேர்முனை, அவளுடைய படகிலிருந்து கழற்றி வண்டியில் வைத்த பேட்டரிக்கு. முன்விளக்கையும் மோட்டாரையும் அந்தப் பேட்டரிக்கே மாற்றினாள். எதிர்முனை மண்ணுக்கு. மண்ணுக்கு இனி ஒரே சொந்தக்காரர்.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வலை இருந்த விரிகுடாவுக்குப் போனாள். வழி முழுக்க பேட்டரி நிரம்பிக்கொண்டே வந்தது. ஏசியைச் சேமிக்க முடியாது, ஒரே பக்கமாக ஓடும் டிசியைச் சேமிக்கலாம். தார்மோ தன் வண்டியில் பின்னாலேயே வந்து, மான் தோலை விரித்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நான் சாட்சி மட்டும்தான் மதினி. கை வெளிய வராது."

"காப்பிக்கு மட்டும் வரும், தெரியும்."

அவள் ஐஸில் வெட்டியிருந்த துளையின் மேல் உறைந்த ஓட்டை உடைத்தாள், வலையின் தலைக்கயிற்றை உருளையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். மோட்டார் இம்முறை இரும்பின் மேலேயே திருகப்பட்டிருந்தது. இன்ஜின் சும்மா முனகிக்கொண்டிருக்க, சுவிட்சைத் தட்டினாள்.

உருளை சுற்றியது. கயிறு விறைத்தது, நீர் சொட்டியது, கறுத்த துளையிலிருந்து வலை ஏறத் தொடங்கியது. முதல் சீக்கா மீன் வெள்ளியாகத் துள்ளி ஐஸில் விழுந்தது. அடுத்து இரண்டு. ஹில்க்கா இடது கையால் ஒவ்வொன்றாகக் கண்ணியிலிருந்து எடுத்தாள். வலது கை கோட்டுப் பைக்குள் ஜமீன்தார் போல ஓய்வாக இருந்தது. பாதி வலையில் நிறுத்தி அலுமினியப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். முப்பது மீட்டரும் ஏறி முடிந்தபோது பத்தொன்பது மீன்.

தார்மோ தொப்பியைக் கழற்றினான். "சிர்க்காகிட்ட நானே சொல்லிடுறேன். கடைக்கு வேற ஆளு பாக்கட்டும்."

"அப்படியே உங்க மொபெட்டுக்கு ஒரு பெட்டி வாங்கிக்கோங்க. இது திரும்ப வராது."

அவன் வலையின் குவியலை இன்னொரு முறை பார்த்தான். "யாராவது கேட்டா என்னன்னு சொல்றது? ரெண்டு வார்த்தையில சொல்லுங்க."

ஹில்க்கா வண்டியின் மூடியைத் திறந்து, உள்பக்கம் தடித்த பென்சிலால் எழுதினாள்: காயிலின் இரண்டு முனையும் பெட்டிக்கு மட்டும். மண்ணில் டிசியின் எதிர்முனை மட்டும்.