அவள் பார்க்காத சமையலறை

என் தங்கைக்கு வீட்டில் சின்னவள் என்று பெயர். முப்பத்தாறு வயதாகிறது, ஆனாலும் சின்னவள்தான். ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற போன்களை எடுத்துப் பேசுவது அவள் வேலை. காதில் ஹெட்போன், எதிரே இரண்டு திரைகள். வண்டி போய்ச் சேரும்வரை அந்தப் பக்கம் பதறிக்கொண்டிருப்பவருக்குத் தெம்பு சொல்ல வேண்டும். ரத்தம் கொட்டினால் எங்கே துணி வைத்து அழுத்துவது, வலிப்பு வந்தவரை எப்படிப் படுக்க வைப்பது, எல்லாவற்றையும் குரலாலேயே செய்து முடிக்க வேண்டும். ஒன்பது வருடமாகச் செய்கிறாள். இரண்டு குழந்தைகள் அவள் சொல்லச் சொல்லவே பிறந்திருக்கின்றன. இதை நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். மனைவி சமையலறையில் விழுந்துவிட்டார், மூச்சு இல்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை. சின்னவள் அவரை மண்டியிட வைத்து, நெஞ்சின் நடுவே கை வைத்து அழுத்தச் சொன்னாள். அவர் கை ஓயாமல் இருக்க இவள் எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. விடாதீங்கய்யா. ஒண்ணு, ரெண்டு..." பதினான்கு நிமிடம். வழியில் பாலத்து வேலை நடந்ததால் வண்டி சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா போயிட்டாங்கய்யா" என்று ஒருவர் சொன்னதும் கேட்டது. போனை வைப்பதற்கு முன் அந்தப் பெரியவர், "ரொம்ப நன்றிம்மா. உனக்குத்தான் சிரமம் குடுத்துட்டேன்" என்றார்.

அந்த நன்றிதான் அவளை உடைத்துப் போட்டது.

அதற்கு முன்பும் அவள் காதுபடச் சாவுகள் நடந்திருக்கின்றன. வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மறுநாள் தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இந்த முறை அது நடக்கவில்லை. அவளால் எதையும் எண்ண முடியவில்லை. சாப்பிடத் தட்டு எடுத்து வைக்கும்போது வாய் தானாக "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பிக்கும், மூன்றில் நின்றுவிடும். என் மகள் கயிறு தாண்டிக்கொண்டே சத்தமாக எண்ணினால், காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடிக் குழாயைத் திறந்துவிடுவாள். அழுவது எங்களுக்குக் கேட்கக் கூடாதாம். எங்களுக்கா கேட்காது? மூன்று பேர் இருக்கிற வீடு, கதவுகளோ அட்டை மாதிரி.

அலுவலகத்தில் மூன்று வாரம் விடுப்பு கொடுத்து, ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். படிப்பு முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண். "தாங்க முடியாம பொங்கி வர்ற நேரத்துல கைக்கு ஒரு வேலை குடுங்க. ஏதாவது தைங்க, மாவுல பொம்மை பிடிங்க, படம் வரைங்க. பத்து நிமிஷம் போதும். அழகா வரணும்னு அவசியமே இல்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

சின்னவள் வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். "நான் என்ன எல்.கே.ஜி.யாக்கா? மாவுல பொம்மை பிடிக்கணுமாம்!"

"ஒரு தடவ செஞ்சுதான் பாரேன்."

"எனக்கா? ஸ்கூல்ல நான் வரைஞ்ச பசுமாட்டப் பாத்துட்டு, பெஞ்ச் நல்லா இருக்குன்னு டீச்சர் சொன்னாங்களே, மறந்துட்டியா?"

நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடமே மறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் வேலையிலிருந்து திரும்பியபோது, சின்னவள் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். பக்கத்தில் என் மகளின் கலர் பென்சில் டப்பா. காகிதம் முழுக்க ஒரே கறுப்பு, அழுத்திய அழுத்தில் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

"என்னடி இது?"

"அந்தச் சமையலறை."

"நீ அத எங்க பாத்த?"

"பாக்கல. அதான் வரையறேன்."

என் மகள் என் காதில், "சித்தி மூணு பென்சில ஒடச்சுட்டாங்கம்மா" என்று கோள் மூட்டினாள். போகட்டும் விடு என்றேன்.

மறுநாளும் அதே சமையலறைதான். தினமும் அதே. பொங்கி வரும்போதெல்லாம் தரையில் உட்கார்ந்துவிடுவாள். கறுப்புக்குள்ளிருந்து மெல்ல ஒரு ஜன்னல் வந்தது. பிறகு அடுப்பு வந்தது, அதன்மேல் ஒரு கெட்டில். போனில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டதாம், அதனால் ஒரு குழாய். ஐந்தாம் நாள் பெரியவர் வந்தார், முதுகு மட்டும். அவருக்கு எதிரே தரையில் ஓரிடத்தை மட்டும் எதுவும் வரையாமல் வெள்ளையாக விட்டிருந்தாள்.

பென்சில் கையில் இருக்கிற அந்தப் பத்து நிமிடமும் அவள் மூச்சு சீராக இருந்தது. நான் சமையல் செய்கிற சாக்கில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் பெரியவர் மண்டியிட்டிருந்தார். அந்தப் பக்கம் இன்னொருத்தி மண்டியிட்டிருந்தாள், காதில் ஹெட்போனோடு. கை கால் எல்லாம் குச்சி குச்சியாக இருந்தாலும் அது யாரென்று பார்த்தவுடன் தெரிந்தது.

"நானும் அங்கதான்க்கா இருந்தேன்" என்றாள். "பதினாலு நிமிஷமும் இருந்தேன். அவரு தனியா இல்ல."

அன்றைக்குக் குளியலறைக்கு ஓடவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து சாப்பாட்டில் ஒரு பிடி பிடித்தாள். எனக்கு மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனபோது பையில் நோட்டும் பென்சிலும் கொண்டுபோனாள். அவர்கள் அறையில் மேஜைமேல் காகிதம் வைக்கக் கூடாது என்று விதி. மேற்பார்வையாளருக்கு விசில் என்று பட்டப்பெயர். பேசும்போது அவர் மூக்கு விசில் மாதிரி மெலிதாக ஊதும். அவர் நோட்டைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, இங்க டிராயிங் கிளாஸ் நடத்துறியா?"

இதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவள் சொன்னாளாம்: "சார், மோசமான போன் ஒண்ணு முடிஞ்சதும் அடுத்த போன நாங்க உடனே எடுக்கறோம். எனக்குப் பத்து நிமிஷம் வேணும். இங்க வேணாம், வேற எங்கயாவது ஒரு மூலை குடுங்க."

விசில் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், பழைய நாற்காலிகள் அடைத்து வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்யச் சொல்லி, ஒரு மேஜையைப் போட்டுக் கொடுத்தார். முதலில் இவள் மட்டும்தான் போனாள். பிறகு, பயில்வான் என்று அவர்கள் கூப்பிடுகிற ஆறடி ஆள் ஒருநாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவர் உள்ளங்கையில் ஒரு காகிதப் பறவை இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒருத்தி கம்பளி நூல் கொண்டுவந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம், மறுபடியும் அதே மாதிரி ஒரு போன். இந்த முறை ஒரு மகள் பேசினாள், அப்பா விழுந்துவிட்டார். எண்ண வேண்டும். பக்கத்து இருக்கையிலிருந்து பயில்வான், 'நான் எடுக்கட்டுமா' என்று கையைக் காட்டினார். சின்னவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஆரம்பித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நல்லா பண்றடா கண்ணு, விடாத." மூன்றைத் தாண்டியபோது குரல் ஒருமுறை கரகரத்தது, அவ்வளவுதான். பதினொரு நிமிடம் எண்ணினாள்.

அந்த அப்பாவும் பிழைக்கவில்லை.

சின்னவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் சின்ன அறைக்குப் போனாள். ஒரு வராந்தா வரைந்தாள், ஒரு செருப்பு ஸ்டாண்ட், இரண்டு பெண்கள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து அடுத்த போனை எடுத்தாள். ஒரு வாண்டு மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டதாம், வெளியே வரவில்லையாம். அம்மா அழுகிறாள், வாண்டு சிரிக்கிறது. சின்னவளும் சிரித்துவிட்டாள். தும்ம வைத்து, பட்டாணி வெளியே வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

அலுவலகத்தில் நடந்த இது எதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. போன மாதம் ஊழியர்களின் குடும்பத்தாரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே விசில்தான் என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மற்ற நான்கு மையங்களிலும் இதே மாதிரி ஒரு அறை ஒதுக்கப் போகிறார்களாம், போய்ப் பேசிவிட்டு வரச் சொல்லி இவளைத்தான் அனுப்புகிறார்களாம். "தைரியமான பொண்ணும்மா" என்றார். சொல்லும்போது மூக்கு ஊதியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துகொண்டது.

அந்த அறைச் சுவரில் ஏகப்பட்ட காகிதங்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், "நீங்க யாரோட வீட்டுலேருந்து வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

வெளியே போன் பேசுகிற கூடத்தின் பதினாறு இருக்கைகளுக்கும் கேட்கிற மாதிரி, "நான் சின்னவளோட அக்கா" என்றேன்.

"மெதுவாக்கா, போன் ஓடிக்கிட்டிருக்கு" என்று அந்தக் கோடியிலிருந்து அவள் அதட்டினாள்.