சுப்ரியாதிக்கு அனுப்பிய படங்கள்

பூர்ணிமாவுக்குப் போன மாதமே பசி நின்றுவிட்டது. பசி இருந்தவரை அது ஒரு துணையாக இருந்தது. அதோடு சண்டை போடலாம், வெள்ளரிக்காயைக் காட்டி ஏமாற்றலாம், திட்டலாம். இப்போது அதுவும் இல்லை. அலிப்பூர் அலுவலகத்தில் மேலதிகாரி ஏதோ கோப்புக்காகக் கத்தியபோது, யாரோ பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுகிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றாள். எதிர் ஃபிளாட் வங்காளி மாமி, மாஷிமா, பேரன் பிறந்த சேதியோடு சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தார். வாங்கி, சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்து, ஃப்ரிட்ஜில் வைத்து மூடினாள். சந்தோஷமும் வரவில்லை, ஆசையும் வரவில்லை. போட்டிக்காக உடம்பை வற்றவைக்கிறவர்களுக்கு இப்படி ஆவது வழக்கம்தான். கொழுப்பு தனியாகக் கிளம்பிப் போவதில்லை. போகிற போக்கில் கோபதாபங்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பெண்களுக்கான மாநில உடற்கட்டுப் போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வரவேண்டும். அந்த மூவர்தான் வங்காள அணியாகத் தேசியப் போட்டிக்குப் போவார்கள். சென்ற இரண்டு முறையும் அவள் நான்காவது. நான்காவது இடத்தைப்போல் பொல்லாத இடம் வேறில்லை. எட்டாவதாக வந்தவளைப் பார்த்து யாரும் "அடடா, மயிரிழையில போச்சே" என்று உச்சுக்கொட்டுவதில்லை. முப்பத்தேழு வயதாகிவிட்டது. முழங்கால் மாடிப்படி ஏறும்போது முனகத் தொடங்கியிருந்தது. இந்த முறை இல்லையென்றால் இனி இல்லை என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். கரக்பூர் ரயில்வே பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்ற அப்பா சௌந்தரராஜன், கல்யாண வீடுகளில் யாராவது மகளின் தோளைப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைத்தால், "எங்க குவார்ட்டர்ஸ் தண்ணி அப்படிங்க" என்று சமாளித்துவிடுவார். ஆனால் அவரும் இந்த வருடம் வாரம் தவறாமல் ஃபோன் செய்து, "இந்தத் தடவை போயிடுவியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மகேஷை அவள் கட்டிக்கொண்டதே ஒரு படத்தால்தான். நியூ டவுனில் ஒரு கம்பெனியில் விளம்பரப் படங்களுக்கு மெருகேற்றுகிற வேலை அவனுக்கு. வீட்டுக்கு வந்தால் அதே கைக்கு வேறு வித்தை. மேடையில் நிற்கும் பெண் வீராங்கனைகளின் படங்களை எடுத்து, கணினியில் அவர்களுடைய புயத்தையும் தோளையும் தொடையையும் ஊதவைப்பான். உலகத்தில் இதற்கென்று ஒரு ரசிகர் கூட்டம் இருப்பது பூர்ணிமாவுக்குத் தெரியாது. ஒருநாள் ஜிம் தோழி ரோஹிணி அப்படி ஒரு படத்தை அனுப்பினாள். முகம் பூர்ணிமாவுடையது, கழுத்துக்குக் கீழே பலாப்பழங்களைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தை நடத்துகிறவனுக்கு ஆங்கிலத்தில் நன்றாகத் திட்டி எழுதினாள். அவன் தமிழில் மன்னிப்புக் கேட்டான். விசாரித்தால் அவனும் ரயில்வே வீட்டுப் பிள்ளை. அப்புறம் என்ன, பேச்சு வளர்ந்து கல்யாணத்தில் போய் நின்றது. லேக் கார்டன்ஸில் வீடு பிடித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரு சட்டம் போட்டாள். மேடைப் படங்களை அவன் எப்படி வேண்டுமானாலும் ஊதிக்கொள்ளட்டும். ஆனால் வாரம் ஒருமுறை சுப்ரியாதிக்குப் போகிற படங்களில் கைவைக்கக் கூடாது. "அதுல போய் யாராவது கை வைப்பாங்களா?" என்று அவனும் சொல்லியிருந்தான்.

சுப்ரியாதி அவளுடைய பயிற்சியாளர். பெயர் சுப்ரியா, 'தி' என்றால் வங்காளத்தில் அக்கா. பழைய சாம்பியன். சிலிகுரியில் இருந்துகொண்டு ஃபோனிலேயே ஆறேழு பெண்களைத் தயார் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்குமுன், பின்னறைக் கதவருகே பூர்ணிமா நிற்கவேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு. மகேஷ் படமெடுத்து அனுப்புவான். அதைப் பார்த்துத்தான் அந்த வாரச் சாப்பாட்டை சுப்ரியாதி தீர்மானிப்பார். கண்ணாடியைப் பார்க்காதே என்பது அவருடைய கண்டிப்பு. பட்டினி கிடப்பவளின் கண் பொய் சொல்லும், படம் சொல்லாது என்பார். பூர்ணிமா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு படுக்கையறைக் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டிருந்தாள்.

பூர்ணிமாவின் தொடைதான் கடைசிவரை மசியாத இடம். கையும் முதுகும் சொன்ன பேச்சைக் கேட்டன. பின்தொடை மட்டும் ஒரு கோடுகூடக் காட்டாமல் மொழுக்கென்று இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சுப்ரியாதி படத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் வரலை" என்பார். அந்த வாரம் சோறு குறையும். அடுத்த வாரமும் வரவில்லை, மேலும் குறைந்தது. ஒருநாள் ஆஃபீஸிலிருந்து திரும்பும்போது ரவீந்திர சரோபர் மெட்ரோ படிக்கட்டில் அவள் தலைசுற்றி விழுந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு காலேஜ் பெண் அவள் ஃபோனை வாங்கி மகேஷைக் கூப்பிட்டாள். அவன் நியூ டவுனிலிருந்து வந்து சேரும்வரை படியிலேயே இருந்தாள். வீட்டில் அவளைப் படுக்கவைத்துவிட்டு, "போதும் பூர்ணி, விட்டுடு" என்றான். "விட்டா இத்தனை நாள் பட்டதெல்லாம் என்னத்துக்கு?" என்றாள்.

அந்த ஞாயிறு படங்கள் போயின. சுப்ரியாதியிடமிருந்து முதல்முறையாக நல்ல வார்த்தை வந்தது. கோடு தெரிய ஆரம்பித்துவிட்டது, சபாஷ், மதியம் ஒரு கப் சோறு கூட்டிக்கொள்.

அந்தச் சோற்றை அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வெறும் சோறு, உப்புகூட இல்லை. மகேஷ்தான் வடித்துப் போட்டான். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு பருக்கையாக மென்றாள். மரத்துக்கிடந்த அந்த மாதங்களில் அவளுக்குள் அசைந்த ஒரே சந்தோஷம் அதுதான். வாய்க்குக் கிடைத்ததால் மட்டும் வந்த சந்தோஷமில்லை. சுப்ரியாதி வாயால் சபாஷ் வாங்கி, கூலியாகப் பெற்ற சோறு. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடியது. தலைசுற்றல் நின்றது. தன் தொடையை ஃபோனில் பார்க்கப் பார்க்க அவளுக்கே நம்பிக்கை வந்தது. இந்தத் தடவை போய்விடலாம் என்று அப்பாவிடம் வாய்விட்டே சொன்னாள்.

போட்டி நியூ டவுனில் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. கடைசி நாட்களில் தண்ணீரையும் நிறுத்தியிருந்ததால் அன்று காலை பூர்ணிமாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுப்ரியாதி முந்தின இரவு ரயிலேறி வந்திருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளை நேரில் பார்க்கிறார். பெண்கள் உடைமாற்றும் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, "திரும்பு" என்றார் வங்காளத்தில். திரும்பினாள்.

"தொடையை இறுக்கு."

இறுக்கினாள்.

"ம், இறுக்கு."

"இறுக்கித்தான் இருக்கேன் தி."

பிறகு சுப்ரியாதி தன் ஃபோனை எடுத்துப் போன ஞாயிறு வந்த படத்தைத் திறந்தார். அதை அவள் தொடைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியைப் புடவையோடு ஒட்டிப் பார்ப்பார்களே, அப்படி. பிறகு படத்தைப் பெரிதாக்கி அவள் கையில் கொடுத்தார்.

"காலைப் பார்க்காதே. பின்னால இருக்கிற கதவைப் பாரு."

பூர்ணிமா பார்த்தாள். அவர்கள் வீட்டுப் பின்னறைக் கதவு. அதன் மரச்சட்டம் மேலிருந்து நேராக இறங்கி, அவள் தொடை வரும் இடத்தில் மட்டும் லேசாக உள்ளே வளைந்து, மறுபடி நேராகப் போயிற்று. கணினியில் படத்துச் சதையைப் பிடித்து நெருக்குகிறபோது பக்கத்திலிருப்பதும் சேர்ந்து நெளியும். விளம்பரப் படங்களில் மகேஷ் இதைச் சரிசெய்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

மகேஷ் வெளியே பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். சுப்ரியாதி திரைச்சீலையை விலக்கி அவனைக் கூப்பிட்டார். ஃபோனைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மழுப்பவில்லை.

"எப்பலேருந்து?" என்று பூர்ணிமா தமிழில் கேட்டாள்.

"நீ மெட்ரோவுல உக்காந்துட்டியே, அந்த வாரத்துலேருந்து."

"நான் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சோறு கூட்டினேன். அது தெரியுமா உனக்கு?" என்றார் சுப்ரியாதி.

"தெரியும் தி. அதுக்குத்தான் செஞ்சேன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு வங்காளத்தில் சொன்னான். "மெட்ரோ படிக்கட்டுல விழுந்துட்டா. இல்லேன்னா நீங்க இன்னும் குறைச்சிருப்பீங்க. அவ செத்துருப்பா."

"சாகவிட நான் என்ன பைத்தியமா? அவ விழுந்தான்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருப்பேன். நேரம் இருந்தது. ஓட்டத்தைக் குறைச்சு, சாப்பாட்டை மாத்தி, மெதுவா இறக்கியிருக்கலாம். இப்ப என்ன செய்யச் சொல்ற?"

படிக்கட்டில் விழுந்ததை சுப்ரியாதியிடம் மறைத்தவள் பூர்ணிமாதான். சொன்னால் போட்டியே வேண்டாம் என்பாரோ என்று பயந்து, மகேஷின் வாயையும் கட்டியிருந்தாள். அதை இப்போது அவன் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூட அவளுக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு எதையாவது எடுத்து எறிந்திருக்கலாம்.

கோபம் வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சநேரம் காத்தும் பார்த்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் மேடைக்கான பழுப்புச் சாயம் பூசி, விறைத்த கையோடு, வேறு யாருடைய வழக்குக்கோ சாட்சியாக வந்தவள் மாதிரி நின்றாள்.

"மேடை ஏறவேண்டாம். முழங்கால்னு நான் சொல்லிக்கறேன்," என்றார் சுப்ரியாதி.

"ஏர்றேன் தி," என்றாள் பூர்ணிமா.

ஏறினாள். விளக்குச் சூட்டில், மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று, சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள். சிரிக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்திருந்த சிரிப்பைச் சிரித்தாள். நடுவர்கள் முதல் ஒப்பீட்டுக்கு, முன்னணியில் இருந்த ஐந்து பேரின் எண்களை வாசித்தார்கள். அவள் எண் அதில் இல்லை. அழைக்கப்பட்டவர்கள் நடுவே வந்தார்கள். அவள் ஓரத்துக்கு நகர்ந்து, அங்கேயும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றாள். எதிரே கூட்டம் யார் யார் பெயரையோ கத்தியது. பக்கத்து ஜிம் பெண் கீதாஞ்சலி நடுவில் நின்று முதுகைத் திருப்பினாள். அவள் பின்தொடைகளில் கோடுகள் வரிவரியாக விழுந்தன. பூர்ணிமாவுக்குப் பொறாமைகூட வரவில்லை. இப்படித்தான் இருக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

ஆறாவது இடம் என்று அறிவித்தார்கள். சுப்ரியாதி அவள் தலையில் கைவைத்து, "போய்த் தண்ணி குடி" என்றார். அப்பா ஃபோன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

திரும்பும்போது மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. வாடகைக் கார் பைபாஸில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. சாயம் இருக்கையில் ஒட்டாமலிருக்க மகேஷ் பழைய போர்வையொன்றை விரித்திருந்தான். அவள் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"ஏதாவது திட்டு பூர்ணி. இப்படி இருக்காத," என்றான்.

"அந்தச் சோறு," என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அதைச் சாப்பிட்டப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? தி குடுத்தாங்கன்னு நெனச்சேன். நான் சம்பாதிச்சேன்னு நெனச்சேன். நீ போட்டதுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு வாய் தொட்டிருக்க மாட்டேன்."

"அதனாலதான் சொல்லலை."

அவன் சொன்னதில் தவறே இல்லை. எதிரே உட்கார்ந்து அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அந்த முகத்தில் இருந்தது அசல் பிரியம்தான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஊதிப் பெரிதாக்கத் தெரிந்தவன், அவளுக்காகச் சுருக்கியும் கொடுத்திருக்கிறான்.

கார் ஒரு சிக்னலில் நின்றது. அவள் கையை நீட்டினாள்.

"நீ எடுத்த ஒரிஜினலைக் காட்டு."

"எது?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எடுத்தியே. நீ கைவைக்கிறதுக்கு முன்னாடி. நான் எப்படி இருந்தேன்னு பார்க்கணும். திகிட்டயும் காட்டணும், எங்க நின்னேன்னு அவங்களுக்காவது தெரியட்டும்."

அவன் ஃபோனை எடுக்கவில்லை. அவள் கை நீட்டியபடியே இருந்தது.

"இல்லை," என்றான்.

"இல்லைன்னா?"

"அழிச்சுட்டேன் பூர்ணி. எப்பவாவது நீ பார்த்துடுவியோன்னு அன்னன்னிக்கே அழிச்சுட்டேன். அனுப்பினது மட்டும்தான் இருக்கு."

கண்ணாடியை அவளே மூடிவைத்திருந்தாள். சுப்ரியாதி பார்த்தது வேறொருத்தியை. அப்படியானால் அத்தனை வாரம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கதவருகே போய் நின்றவளை, முழுக்க முழுக்க இவன் ஒருவன்தான் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, அழித்திருக்கிறான். அவள் எவ்வளவு தூரம் வந்திருந்தாள், இன்னும் எவ்வளவு பாக்கி இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

"எப்படி இருந்தேன்?" என்று கேட்டாள். "சும்மா சொல்லு. ஞாபகம் இருக்கும்ல."

மகேஷ் வாயைத் திறந்தான். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே நினைத்துப் பார்த்தான். அவன் வேண்டுமென்று மறைக்கவில்லை. அது அவன் முகத்திலேயே தெரிந்தது. மாற்றிய படங்களைத்தான் அவனும் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருந்த," என்றான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. போர்வையின் ஓரத்தை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, சின்னப் பிள்ளைபோல் அழுதாள். டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார். பச்சை விளக்கு விழுந்தது. மகேஷ் அவள் தோளைத் தொட வந்த கையைப் பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டான்.