தோக்ஜான் தலையாட்டினாள்

வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே தோக்ஜானுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கசாக்ஸ்தானின் கரகண்டாவிலிருந்து ரயிலும் வேனுமாக மாறி மாறி வந்து, இந்தக் கிர்கிஸ் மலைக் கிராமத்தில் அவள் இறங்கியது நேற்றுத்தான். சம்பளம் வாங்காமல் ஒரு பருவம் ஆங்கிலம் சொல்லித்தர வந்தவள். "நம்ம ரெண்டு பாஷையும் அக்கா தங்கச்சி மாதிரிதானே, சமாளிச்சிடுவேன்" என்று தலைமையாசிரியை சல்கினிடம் போனில் அடித்துச் சொன்னவளும் அவள்தான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று, "எஜே, வணக்கம்!" என்று கத்தினார்கள். அக்கா என்றாலும் டீச்சர் என்றாலும் இங்கே எஜேதான். அதுவரை புரிந்தது. அதற்குமேல் ஒரே சமயத்தில் எல்லோரும் பேச, கூழாங்கல்லை அள்ளிக் கொட்டியதுபோல் சொற்கள் உருண்டு ஓடின. பாதி தெரிந்த சொற்கள், பாதி தெரியாதவை. புரியவில்லை என்று முதல் நாளே காட்டிக்கொள்ள அவளுக்கு வெட்கம். சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

பாடம் பாதியில் இருக்கும்போது ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுமி மேசையருகே வந்தாள். பெயர் நூரிசா. கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டு, சிவப்புத் தொப்பியும் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. மூச்சுவிடாமல் ஏதோ சொன்னாள். அதில் 'அத்தா', 'வர்றார்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் தோக்ஜான் காதில் நின்றன. வாசலில் தாத்தா வந்து நிற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டினாள். அடுத்த நொடி நூரிசா கதவுக்கு வெளியே இருந்தாள்.

நேரம் போயிற்று. நூரிசா திரும்பவில்லை. தோக்ஜான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் உருகும் பனியும் சேறும்தான். வாசலில் யாருமில்லை.

"நூரிசாவோட தாத்தா அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். 'தாத்தா' என்பது பிள்ளைகளுக்குப் புரியும்படி தாடியைக் கையால் வரைந்து காட்டினாள்.

முன்வரிசையில் இருந்த பெக்தூர் என்ற குண்டுப் பையன் விழித்தான். "தாத்தாவா? அவ தாத்தா செத்துப் போயிட்டாரே எஜே! காரியத்துக்கு நாங்கல்லாம் போய் சாப்பிட்டுட்டு வந்தோமே!"

அப்படியென்றால் பிள்ளையை யார் கூட்டிப்போனது? பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தோக்ஜான் தாழ்வாரத்தில் ஓடினாள். கழிவறை, அடுப்பறை, நிலக்கரிக் கொட்டகை, எங்கும் இல்லை. சல்கினின் அறைக்கு முன்னால் ஒரு கணம் தயங்கினாள். சொன்னால் இன்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் எப்படி இருப்பது? கதவைத் தள்ளினாள்.

"எஜே, ஒரு பொண்ணைக் காணோம். நான்தான் வெளிய விட்டேன்."

சல்கின் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். "எந்தப் பொண்ணு? என்ன சொல்லிட்டுப் போனா?"

"நூரிசா. அத்தா வர்றாருன்னு சொன்னா. ஆனா தாத்தா இறந்துட்டாராமே?"

"அட, 'அத்தா'ன்னா உங்க ஊர்லதான் தாத்தா! இங்க அப்பா!" சல்கின் கோட்டை மாட்டிக்கொண்டே எழுந்தார். "அவ அப்பன் மாஸ்கோவுலேர்ந்து இன்னைக்கு வர்றான். ஒரு வாரமா பெரிய ரோட்டுக்குப் போறேன், போறேன்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்கா. யாரும் விடல. அந்த ரோட்டுல சீனாக்காரன் லாரி எப்படிப் பறக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

சல்கினின் பழைய கார் சேற்றில் வழுக்கி வழுக்கிப் போயிற்று. பாலத்தில் கார் போகும்போது கீழே ஆறு பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு ஓடியது. தோக்ஜான் அதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரிய சாலையின் நிழற்குடை காலியாக இருந்தது. ஒரு நாய் மட்டும் சுருண்டு படுத்திருந்தது.

"இல்லையே எஜே, இங்கயும் இல்லையே," என்று தோக்ஜான் அழ ஆரம்பித்தாள்.

"அழறதை அப்புறம் வச்சுக்கங்க. கண்ணைத் தொடைச்சுட்டு ரோட்டைப் பாருங்க."

கணவாய்ப் பக்கம் வெகுதூரத்தில் ஒரு சிவப்புத் தொப்பி நகர்ந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி ஒரு லாரி சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயிற்று. தொப்பி மறைந்தது. லாரி கடந்த பிறகு தொப்பி மறுபடியும் தெரிந்தது.

கார் அருகே போய் நிற்குமுன்பே தோக்ஜான் கதவைத் திறந்து ஓடினாள். முகமெல்லாம் சேறாக நின்ற நூரிசாவை அப்படியே வாரி எடுத்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின? வேனுக்காக ஸ்டாப்புலயே நின்னிருக்கக் கூடாதா?" என்று சல்கின் அதட்டினார்.

"குளிருச்சு எஜே. நடந்து போனா சீக்கிரம் பாக்கலாம்ல?" நூரிசா தோக்ஜானைக் கைகாட்டினாள். "நான் கேட்டுட்டுத்தான் வந்தேன். இவங்க தலையாட்டுனாங்க."

"ஆமா. ஆட்டினேன்," என்றாள் தோக்ஜான்.

சல்கின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா இவ அம்மா முகத்துல நான் எப்படி முழிச்சிருப்பேன்?" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. "ஏறுங்க. வேன் வர்ற வரைக்கும் கார்லயே இருப்போம். இனிமே இவளைத் திரும்பக் கூட்டிட்டுப் போனா பள்ளிக்கூடத்தையே அழுது இடிச்சிடுவா."

வேன் வந்தது. இரண்டு பெரிய பைகளோடு ஒரு மெலிந்த ஆள் இறங்கினான். நூரிசா ஓடவில்லை. தோக்ஜானின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அது எங்க அப்பா இல்ல. எங்க அப்பா குண்டா இருப்பாரு," என்று கிசுகிசுத்தாள்.

அவன் பைகளைச் சேற்றிலேயே போட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்தான். "பூனைக்குட்டி, அப்பாவைத் தெரியலையா?" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் சிறுமியின் பிடி தளர்ந்தது. ஓரடி வைத்தாள். பிறகு ஓடினாள்.

கடைசிப் பாடவேளைக்கு தோக்ஜான் வகுப்புக்குத் திரும்பினாள். செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

பெக்தூர் எழுந்து ரொம்பப் பவ்யமாகக் கேட்டான்: "எஜே, நான் குதிரையில சீனா வரைக்கும் போயிட்டு வரட்டுமா?"

வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு அவள் தலையைப் பார்த்தது.

"எனக்குப் பாதிதான் புரிஞ்சுது பெக்தூர்," என்றாள் தோக்ஜான். "இன்னொரு தடவை மெதுவா சொல்லு."