அப்பா கீறிய கட்டம்

சிவப்புப் பட்டியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: நெட்வேர்க்குடன் இணைக்க முடியவில்லை. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது டொலர். அப்பா போனைச் சாப்பாட்டு மேசையில் என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பார் பிள்ளை, காசு கிடக்கு. வெளியில வரத்தான் மாட்டன் எண்டு நிக்குது."

ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு விடுதலை இல்லை. வாரத்தில் ஆறு நாளும் நான் கேட்பது இந்தக் கதையைத்தான். ஓர் இன்டர்நெட் கம்பனியில், தமிழில் கூப்பிடுகிற ஆட்களுக்குப் பதில் சொல்கிற வேலை. ரவுட்டரை நிற்பாட்டி ஒரு நிமிஷத்துக்குப் பிறகு போடுங்கோ, சிவப்பு லைட் எரியுதா, பச்சை எரியுதா என்று எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, கனவிலும் அதையே புலம்புகிறேன் என்று அம்மா சொல்வார்.

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"நேற்றுத்தான் பிள்ளை கண்டனான். மண்டபக்காரனுக்கு மிச்சக் காசு கட்டோணுமெல்லோ. டொலரை ரூபாயா மாத்தித் தாற ஆளுக்கு அனுப்பிப் பாத்தன், போகேல்லை."

"இந்தச் சிவப்புப் பட்டி எப்ப வந்தது?"

"அது கனகாலமா இருக்கு. நான் விளம்பரமாக்கும் எண்டு விட்டிட்டன்."

கலியாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. முப்பத்து மூன்று வயதில், பதினாறு வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வேண்டாம் என்ற பிறகு, கொட்டாஞ்சேனையிலிருந்து அமைந்த கலியாணம். மாப்பிள்ளை அபிஷனுக்கு ஒரு கம்பனியில் கொம்பியூட்டர் வேலை. அவர்கள் வீட்டில் சீதனம் ஒரு சதமும் வேண்டாம் என்றபோது அப்பா ரோட்டில் நின்றே அழுதவர். ஆனாலும் மண்டபம், சாப்பாடு, என் நகை எல்லாம் எங்கள் பொறுப்பு. அத்தனைக்குமான காசு இந்தப் போனுக்குள்தான் இருந்தது, அல்லது இருந்ததாக நாங்கள் நினைத்தோம்.

அப்பா, நாகேந்திரம், புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்தக் கடையொன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதுகிற கிளாக்காக இருந்தவர். ரூபாய் விழுந்து, பெற்றோல் கியூவில் ஆட்கள் இரவு பகலாகக் கிடந்த அந்த வருடத்தில், வங்கியில் கிடந்த ஓய்வுக் காசையும் சாவகச்சேரிக் காணி விற்ற காசையும் பார்த்துப் பார்த்து நித்திரை இல்லாமல் இருந்தார். லண்டனில் இருக்கிற, அப்பாவின் தங்கச்சி மகன் போனில் பாடம் எடுத்தான். கிரிப்டோவில் ஒரு வகை இருக்கு மாமா, டொலருக்கு டொலர், அசையாது என்றான். அப்பா கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் அதற்குள் மாற்றினார். அன்றுமுதல் விடிய எழும்பி, சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, திருநீறு பூசி, பிறகு காசு கிடக்கிற இந்த வொலட் செயலியைத் திறந்து எண்ணைப் பார்ப்பார். எண் அசையாது. அசையாத காசு என்று சொல்லியே கொடுத்திருந்ததால், அது அசையாமல் இருப்பதைப் பார்த்து அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் வைஃபையை நிற்பாட்டி என் போனிலிருந்து டேட்டா கொடுத்தேன். திகதியும் நேரமும் பிழைத்திருந்தாலும் சில செயலிகள் முரண்டு பிடிக்கும். அவை சரியாகவே இருந்தன. வொலட்டுக்குள் போய் நெட்வேர்க் பட்டியலைத் திறந்து வேறு சேர்வரைக் கொடுத்துப் பார்த்தேன். ம்ஹூம். அப்டேட் பண்ணலாம் என்றால், இந்தப் போனுக்கு இனிமேல் புதுப் பதிப்பே கிடையாதாம். போனும் கிழடு, செயலியும் கிழடு. "உள்ளுக்குக் கிடக்கிற குப்பையை அழிச்சுப் பாக்கிறன்" என்றதும் அப்பா போனைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அழிக்கிற கதை என்னோட கதையாதை!"

"அப்பா, காசு போனுக்குள்ள இல்லை. அது வெளியில நெட்வேர்க்கில இருக்கு."

"அப்ப இதில தெரியிறது என்ன, படமோ?"

ஓம், படம்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கடைசியாக இணைப்பு இருந்த நாளில் கண்ட எண்ணைத்தான் அந்தப் போன் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. எட்டு வருடம் இதே வேலையில் இருக்கிறவளுக்கு அது மண்டையில் ஓடவில்லை. அல்லது ஓடவிட விருப்பமில்லை.

"தொடங்கேக்க பன்னிரண்டு இங்கிலீஷ் சொல் தந்திருப்பாங்கள். அது இருந்தா என்ர போனில இந்த வொலட்டைத் திறக்கலாம். எங்க எழுதி வைச்சனீங்கள்?"

அப்பா அன்று முதல்முறையாகச் சிரித்தார். அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். என்னுடைய சாதகக் குறிப்பு.

முன்பக்கத்தில் இராசிக் கட்டம். பின்பக்கத்தில் நவாம்சம். அதற்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தில் அப்பா அடிமட்டம் வைத்து நீலப் பேனையால் மூன்றாவதாக ஒரு கட்டம் கீறியிருந்தார். சுற்றிவரப் பன்னிரண்டு வீடு. செவ்வாய், வியாழன் இருக்க வேண்டிய இடங்களில் வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்.

"மேஷத்தில தொடங்கி வலமா வரோணும். கள்ளன் வந்தாலும் ஏதோ சாதகம் எண்டு எறிஞ்சுபோட்டுப் போயிடுவான்" என்றார். "இந்த வீட்டில துலையாத ஒரே கடதாசி உதுதான் பிள்ளை."

அது உண்மைதான். என் பிறப்புச் சான்றிதழ் இரண்டு முறை துலைந்திருக்கிறது. என் சாதகம் ஒரு நாளும் துலைந்ததில்லை. இத்தனை வருடமும் இந்த வீட்டில் அதற்குத்தானே வேலை இருந்தது. அப்பாவின் கெட்டித்தனத்தை நினைத்து இரண்டு விநாடி நானும் சிரித்திருப்பேன். பிறகு குறிப்பை முன்னும் பின்னும் புரட்டினேன்.

"அம்மா! கலியாணப் புரோக்கர் மனிசிக்குக் குடுக்க என்ர குறிப்பைப் போட்டோக்கொப்பி அடிச்சனீங்கள்தானே. எந்தப் பக்கம் அடிச்சனீங்கள்?"

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும்தான். முன்பக்கம் மட்டும் குடுத்தா, பொம்பிளை வீட்டுக்காரர் ஏதோ மறைக்கினம் எண்டு நினைப்பினம்."

"அதுக்குக் கீழ இங்கிலீஷில எழுதியிருந்ததே?"

"அப்பா ஆரோ பெரிய சாத்திரியாரிட்டக் காட்டிக் கணிச்சு எழுதினதாக்கும் எண்டு நினைச்சன். வடிவாத்தானே கீறியிருந்தது."

பதினேழு போட்டோக்கொப்பி. காலி வீதிக் கடையொன்றில் அடித்து, மஞ்சள் தடவி, கொழும்பு முழுக்க அனுப்பி வைத்திருக்கிறார்கள். என் நட்சத்திரத்தோடும் செவ்வாயோடும் சேர்த்து எங்கள் பெட்டகத்தைத் திறக்கிற திறப்பையும்.

ஆனாலும் என் போனில் அந்த வொலட்டை இறக்கி, மேஷத்தில் தொடங்கி ஒவ்வொரு சொல்லாக அடித்தேன். பன்னிரண்டாவது சொல் முடிந்ததும் பச்சை அடையாளம் வந்தது. ஒரு விநாடியில் இணைந்துவிட்டது. எண் பூச்சியம்.

"உன்ர போனிலதான் ஏதோ பிழை. இதில இருக்கு, பார்" என்று அப்பா பழைய போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். அதில் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது அப்படியே இருந்தது. நான் என் போனில் வரவு செலவுப் பட்டியலைத் திறந்தேன். பெப்ரவரி பதினொன்று, பிற்பகல் இரண்டு பதினான்குக்குப் பத்து டொலர். இரண்டு ஐம்பத்தைந்துக்கு மிச்சம் முழுவதும். பத்து டொலரை எடுத்துப் பார்த்து, ஆராவது சத்தம் போடுகிறார்களா என்று நாற்பது நிமிஷம் பொறுத்திருந்த ஆள். எடுத்த ஆளின் வொலட் விலாசம் நீட்டு நீட்டு எழுத்துகளில் அங்கேயே கிடந்தது. உலகத்தில் எவரும் அதைப் பார்க்கலாம். ஆர் என்றுதான் தெரியாது.

"பொலிசுக்குப் போவம்" என்றேன்.

"போய்? மகளின்ர சாதகத்தில எழுதி ஊருக்கெல்லாம் குடுத்தனான் எண்டு சொல்லச் சொல்றியோ?"

அம்மா தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். எந்த வீட்டுக்குக் குறிப்புப் போனது, எந்தத் திகதி, என்ன பதில் என்று வரிசையாக எழுதியிருப்பார். செவ்வாய் கூடாதாம், நிறம் காணாதாம், வெளிநாட்டுப் பொம்பிளைதான் வேணுமாம் என்று பதினாறு அவமானங்களையும் நல்ல உறுப்பான எழுத்தில் அதில் படிக்கலாம். பதினேழாவது வரி: பெப்ரவரி ஒன்பது, கொட்டாஞ்சேனை, அபிஷன். அதற்கு எதிரே: பன்னிரண்டாம் திகதி, பொருத்தம், சீதனம் வேண்டாமாம். அம்மா அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஒன்பதாம் திகதி குறிப்புப் போயிருக்கிறது. பதினோராம் திகதி காசு போயிருக்கிறது. பன்னிரண்டாம் திகதி சீதனம் வேண்டாம்.

எனக்கும் நியாயம் தெரியும். பதினாறு வீட்டில் அதற்கு முன்பே கொப்பி கிடந்தது. புரோக்கர் மனிசி தன் போனில் படமெடுத்து இன்னும் எத்தனை பேருக்கு அனுப்பினாவோ. எவனும் எடுத்திருக்கலாம், எப்போதும் எடுத்திருக்கலாம். ஆனால் அந்த மூன்று திகதியும் மண்டைக்குள் கிடந்து கடகட என்று அடித்தன. ஒவ்வொரு நாளும் மத்தியானம் கூப்பிட்டு, "சாப்பிட்டீரோ?" என்று கேட்கிற மனிதர். அந்தக் கேள்விக்காக நான் பன்னிரண்டரைக்கே போனைக் கையில் எடுத்து வைத்திருக்கத் தொடங்கியிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முதலில் அப்பாவில். பிறகு என்னில்.

"அவரிட்ட நேர கேக்கப் போறன்" என்றேன்.

"என்னெண்டு கேப்பாய்? நீங்கள் கள்ளனோ எண்டோ? விசர்க்கதை கதையாதை யதுஷா. இல்லையெண்டா அந்தப் பெடியன் உன்னைத் திரும்பியும் பாப்பானோ?" என்று அம்மா சீறினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். தணிந்த குரலில் சொன்னார்.

"அப்பிடி அவன்தான் எடுத்திருந்தாலும் என்ன இப்ப? உன்னோடதானே இருக்கப் போறான். அந்தக் காசு உன்ர பிள்ளைக்குத்தானே வரும். மற்றப் பதினாறில ஒருத்தன் எடுத்திருந்தாத்தான் எங்களுக்கு நட்டம். சீதனம் குடுத்தாச்சு எண்டு நினை."

நான் அப்பாவைப் பார்த்தேன். என் அப்பா நேர்மையான மனிதர். முப்பத்தொரு வருடத்தில் கடையிலிருந்து ஓர் ஆணி கொண்டுவந்ததில்லை. அவர் மெல்லத் தலையை நிமிர்த்தினார். காலையிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் ஓர் உயிர் வந்திருந்தது.

"அதுவும் சரிதான்" என்றார்.

அன்றிலிருந்து என் வீட்டில் இரண்டு பேரும், வரப்போகிற மருமகன் கள்ளனாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டத் தொடங்கினார்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் காப்புகளை அடைவு வைத்து மண்டபக் காசைக் கட்டிவிட்டு வந்தபோது அப்பா, "உது போனா என்ன, எல்லாம் ஒரு இடத்தில பத்திரமாத்தான் இருக்கும்" என்றார். அபிஷன் வீட்டுக்கு வந்தபோது அம்மா இரண்டாம் முறையும் கோப்பி போட்டார். அவர் புதுச் சப்பாத்துப் போட்டிருப்பதை அப்பா எனக்குக் கண்ணால் காட்டினார். நான் மத்தியானங்களில் போனை எடுத்து, "ஓம், சாப்பிட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை, "மாமா, மாமி, உங்களுக்கு ஒரு இடம் காட்டோணும்" என்று அபிஷன் எங்களைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போனார். தொடர்மாடியில் ஐந்தாவது மாடி. கதவைத் திறந்து, "இதுதான் எங்கட வீடு. போன கிழமை கதைச்சு முடிச்சிட்டன்" என்றார். இரண்டு அறை, வெறும் சீமெந்து நிலம், யன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்.

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே! அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒவ்வொரு அறையாகப் போய் எல்லாச் சுவிட்சுகளையும் போட்டார். பட்டப்பகலில் எல்லா லைட்டும் எரிந்தன, எல்லாக் காற்றாடியும் சுற்றின. சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல கட்டு" என்றார். சமையலறை பைப்பைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தார். தன் காசில் வாங்கிய வீட்டைப் பார்க்க வந்த மனிதனின் நடை அது. அம்மா என் முழங்கையைக் கிள்ளி, "சொன்னனான்தானே" என்று காதுக்குள் கிசுகிசுத்தார். நான் யன்னலோரம் நின்றேன். கடல் காற்று வந்தது. சரி, எடுத்தவர் எங்களுக்காகத்தானே எடுத்தார் என்று எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இளகியது.

அபிஷன் பையிலிருந்து ஒரு மண்ணிறக் கோவையை எடுத்தார்.

"லோன் சரிவந்திட்டுது மாமா. இருபத்தைஞ்சு வருசம். என்ர சம்பளம் மட்டும் காணாதாம். யதுஷாவின்ர சம்பளத்தையும் சேத்தாத்தான் தருவினமாம், அதான் அவவும் கையெழுத்து வைக்கோணும். அம்மாவின்ர சங்கிலியை அடைவு வைச்சுத்தான் அட்வான்ஸ் குடுத்தனான். கலியாணம் எண்டா நாங்களே எங்கட காலில நிக்கோணும் எண்டு எனக்கு முதலே ஒரு எண்ணம். அதுதான் உங்களிட்டச் சீதனமும் கேக்கேல்லை."

எந்தப் பெண்ணைப் பெற்ற வீடும் கேட்கத் தவம் கிடக்கிற வார்த்தைகள். காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"லோனோ தம்பி?" என்றார் அப்பா.

"ஓம் மாமா."

"முழுக்கவும் லோனோ? உங்களிட்ட வேற... கையில ஒண்டும் இல்லையோ?"

"இல்லை மாமா, எங்க இருக்குது!" அபிஷன் சிரித்தார். தனக்காகத்தான் மாமா கவலைப்படுகிறார் என்று நினைத்து, அப்பாவின் தோளில் கையைப் போட்டார். "யோசியாதேங்கோ. ரெண்டு பேரும் உழைக்கிறம்தானே, சமாளிப்பம்."

கள்ளனும் லோன் எடுக்கலாம் என்று என் மூளை ஒரு தரம் சொல்லிப் பார்த்தது. எடுக்கலாம்தான். அம்மா நிலத்தில் குந்திவிட்டார். அப்பா அந்தக் கைக்குக் கீழிருந்து மெல்ல விலகி உள்ளறைக்குள் போனார். அபிஷன் என் முன்னால் கோவையை விரித்துப் பேனையை நீட்டினார். நான் தேடிக் கஷ்டப்படக் கூடாது என்று, கையெழுத்து வைக்க வேண்டிய ஏழு இடங்களிலும் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளடி அடையாளம் போட்டு வைத்திருந்தார். உள்ளே அப்பா சுவிட்சுகளை ஒவ்வொன்றாக நிற்பாட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.