நூற்றுக்கு நூறு பள்ளிக்கூடம்

என் மகள் பொன்மலரை ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பதற்காக எண்பத்து நாலாம் வருஷம் நான் பார்த்த பள்ளிக்கூடங்கள் ஏழு. ஏழு என்று வாயால் சொல்லிவிடலாம், ஏறி இறங்கிய கால் என்னுடையதுதானே. ஆம்பூரில் மூன்று, வாணியம்பாடியில் ஒன்று, வேலூரில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் தோல் கம்பெனியில் அரை நாள் லீவு. "இன்னா கிருபானந்தம், பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்று மேனேஜர் ஹபீப் சாயபுவே கிண்டல் செய்யும் அளவுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை பார்ப்பது சுலபம் சாமி. அங்கே போனால் காபியாவது கொடுப்பார்கள்.

மலர் படித்தது எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த முனிசிபல் உயர்நிலைப் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பில் பாதி வருஷத்திலிருந்து கணக்கு டீச்சரே கிடையாது. கணக்குப் பீரியடில் டிராயிங் மாஸ்டர் வந்து உட்கார்ந்து, சத்தம் போடாதீங்க என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிப்பாராம். நான் நேராகத் தலைமையாசிரியை கமலம் டீச்சரிடம் போய், "இது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா?" என்று கத்தினேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "போஸ்டிங் போட்டாத்தான் சார் வருவாங்க. எழுதி எழுதி என் கையே வலிக்குது" என்றார். பார்த்தால் என்னைவிடக் களைத்துப் போயிருந்தார். கத்தினதற்கே வெட்கமாகப் போய்விட்டது.

கம்பெனியில் என் வேலை தோலைத் தரம் பிரிப்பது. செலக்‌ஷன் என்பார்கள். முன்பக்கம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் நம்பமாட்டேன். திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது ரிஜெக்ட் என்று சொல்வேன். இருபது வருஷமாக இதே பிழைப்பு. பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் பார்த்தேன். ஆபீஸ் ரூமுக்குப் போகுமுன் கக்கூஸைப் பார்ப்பேன். குழாயில் தண்ணீர் வருகிறதா, லைப்ரரிப் பூட்டு துருப்பிடித்திருக்கிறதா, கரும்பலகையில் இன்றைக்குத் தேதி இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். இன்னொன்றில் வாட்ச்மேனை விட்டு வெளியே தள்ளினார்கள். ஆறு பள்ளிக்கூடமும் ஏதோ ஒன்றில் தேறவில்லை.

ஏழாவது, வேலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். கேட் பக்கத்தில் பெரிய போர்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி: எண்பத்தொன்றில் நூறு சதவீதம், எண்பத்திரண்டில் நூறு, எண்பத்து மூன்றில் நூறு. வெயிலில் நின்று அதைப் படித்தபோது, அப்பாடா என்று இருந்தது எனக்கு. முழங்கால் இரண்டும் கழன்று போயிருந்தன. கக்கூஸையும் பார்க்கவில்லை, கரும்பலகையையும் பார்க்கவில்லை. இதுதான் என் பொண்ணுக்கு என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான அலைச்சல். அது மிஷன் பள்ளிக்கூடம், சபைக்காரர் பிள்ளைகளுக்கு முதல் இடம், அதற்குப் போதகரின் கடிதம் வேண்டும். நானும் சபைதான், ஆனால் போய் ரொம்ப நாளாகியிருந்தது. "கோயிலு எந்தப் பக்கம் இருக்குதுன்னு ஞாபகம் இருக்குதா கிருபானந்தம்?" என்று கேட்டார் போதகர். பிறகென்ன, தொடர்ந்து ஐந்து ஞாயிற்றுக்கிழமை குளித்து வெள்ளைச் சட்டை போட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆண்டவருக்கே என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும். ஆறாவது வாரம் கடிதம் கிடைத்தது. மலர் நுழைவுத் தேர்வு எழுதினாள். ஒட்டிய லிஸ்டில் கடைசிக்கு இரண்டு பேர் முன்னால் அவள் பெயர் இருந்தது. கமலம் டீச்சரிடம் டி.சி. வாங்கினேன். "நல்லா யோசிச்சிட்டீங்களா சார்?" என்றார். "யோசிச்சு யோசிச்சு மூளையே தேஞ்சி போச்சு டீச்சர், எழுதுங்க" என்றேன்.

சேர்க்கிற நாளில் அப்பாவும் மகளுமாக வேலூர் பஸ் ஏறினோம். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை வரிசை. ஜன்னலில் இருந்த கிளார்க் டி.சி.யையும் போதகர் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, டைப் அடித்த இங்கிலீஷ் காகிதம் ஒன்றைத் தள்ளினார்.

"கையெழுத்து போடுங்க."

நான் ஐந்தாவது வரைதான். "இன்னாம்மா எழுதியிருக்குது, படி" என்று மலரிடம் கொடுத்தேன். இங்கிலீஷ் அவளுக்கு நன்றாக வரும். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா போட்டிருக்குது?"

"ஒழுங்கா யூனிஃபார்ம் போடணுமாம். லீவு ஜாஸ்தி போடக் கூடாதாம்பா."

"இதுக்கு ஒரு காகிதமா!" என்று கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் புங்க மரத்து நிழலில் உட்கார்ந்தோம். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாணியம்பாடிக்காரர், பெயர் ஷபீ அஹமது என்றார். கையில் ஒரு டி.சி.

"பொண்ணைச் சேத்துட்டீங்களா பாய்?" என்றேன்.

"சேத்தது போன வருஷம். இப்போ வெளிய கூட்டிட்டுப் போறேன்." காகிதத்தை விரித்துக் காட்டினார். "ஒம்போதாவதுல சயின்ஸ்ல கம்மி மார்க்கு. பத்தாவதுக்கு ஏத்த மாட்டாங்க. நாங்களாவே வேற ஸ்கூலுக்குப் போறோம்னு எழுதிக் குடுத்தா, பாஸுன்னு போட்டு டி.சி. தருவாங்க. போர்டுல நூறு போட்டிருக்கே, எப்படின்னு நெனச்சீங்க? ஃபெயிலாவுற பொண்ணு ஒருத்தியும் பத்தாவதுல இருக்க மாட்டா. பேஜார் புடிச்ச எடம் சார். சேக்கும்போதே இங்கிலீஷ்ல ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கியிருப்பாங்களே, அது இதுக்குத்தான்."

எனக்கு எங்கள் கம்பெனிக் குடோன் ஞாபகம் வந்தது. வெளிநாட்டு வியாபாரி வருகிறான் என்றால் முதல் நாளே ரிஜெக்ட் தோலையெல்லாம் பின்பக்கக் குடோனுக்குத் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடுவோம். அவன் வந்து பார்க்கும்போது மேஜையில் இருப்பது எல்லாமே ஃபர்ஸ்ட். தள்ளச் சொல்லி ஆள் விடுகிறவனே நான்தான். அப்படிப்பட்ட மடையன், ஒரு போர்டைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

மலர் பக்கம் திரும்பினேன். அவள் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நீ படிச்ச காகிதத்துல இன்னா இருந்தது?"

"எந்தப் பாடத்துலயாவது நாப்பதுக்குக் கீழ வாங்குனா, நாங்களே டி.சி. வாங்கிக்கிறோம்னு."

"ஏண்டி பொய் சொன்ன?"

அவள் அழவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள். "நீ ரெண்டு மாசமா அலையறப்பா. ராத்திரியில கால் வலிக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லிக்கினே படுக்குற. மறுபடி எட்டாவது பள்ளிக்கூடம் தேடுவியேன்னுதான். நடுவுல ஒரு வருஷமாச்சும் நீ சந்தோசமா இருப்பேன்னு."

"நாப்பது நீ வாங்க மாட்டியா? நல்லாத்தானே படிக்கிற?"

"கணக்குல வாங்க மாட்டேம்பா. முழுப் பரீட்சைல இருபத்தொம்போது. ப்ராக்ரஸ் கார்டுல நீதானே கையெழுத்து போட்ட?"

போட்டேன். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், கதவில் வைத்து, பார்க்காமல் போட்டேன். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டுப் பிள்ளை எடுத்த மார்க் தெரியவில்லை. ஷபீ அஹமது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனுஷன் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க முடியவில்லை.

எழுந்து மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன். மலரும் கூடவே வந்தாள். அந்தக் காகிதத்தையும் டி.சி.யையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு சார். இனிமே எங்க டி.சி.தான் குடுக்க முடியும், அதுவும் நாளைக்குத்தான். நல்லா யோசிச்சிக்கோங்க. இந்த சீட்டுக்கு நாப்பது பேர் காத்துக்கிடக்குறாங்க. விட்டா போச்சு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கையில் வந்த இடத்தை விடுகிறோமே, நாளைக்கு இவளே, ஏன்பா விட்ட என்று கேட்டால்?

"மலரு," என்றேன், "கமலம் டீச்சர்கிட்டயே போனா அங்க கணக்கு டீச்சர் இல்லையேம்மா."

"இல்லதாம்பா," என்றாள். "ஆனா அங்க யாரும் என்னை வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டேன்.