மடுவிழுங்கியின் முகம்

அடையாறில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சின்ன நிறுவனம் ஒன்று, மாயாஜாலக் கதைகளை வைத்துச் சீட்டு விளையாட்டு தயாரித்துக்கொண்டிருந்தது. சீட்டுகளுக்குப் படம் வரைவது ரூஹியின் வேலை. பறக்கும் பாம்பு, எலும்பு யானை, மூன்று தலைக் கீரி என்று ஒரு கும்பலையே வரைந்து கொடுத்துவிட்டாள். அவளை மடக்கிப் போட்டது மடுவிழுங்கி.

ஆற்று மடுவில் பதுங்கிக் கிடந்து படகுகளை விழுங்கும் ஜந்து அது. "சீட்டைத் திருப்பினா ஆடறவாளுக்குக் கை நடுங்கணும்," என்று ஸ்ரீவத்சன் சொல்லியிருந்தார். படங்களுக்கெல்லாம் பொறுப்பாளர் அவர்தான். மயிலாப்பூர்க்காரர், சட்டை மடிப்புக் கலையாதவர், யாரையும் கடிந்து பேசாதவர். கடிந்து பேசாமலேயே படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கொம்பு வைத்து வரைந்தாள். "மாடு மாதிரி இருக்கேம்மா," என்றார். கொம்பை எடுத்துவிட்டு உடம்பெல்லாம் நெளியும் கைகளாக வரைந்தாள். "தலை பின்னிக்காம வந்துட்டாப்ல இருக்கு," என்றார்.

மூன்றாவது முறை ரூஹி சைதாப்பேட்டை மார்க்கெட்டில் பெரிய கெளுத்தி மீனாகப் பார்த்து வாங்கி வந்தாள். அடுக்களையில் விளக்கை அப்படியும் இப்படியும் நகர்த்தி அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய அம்மா அஸ்மத்துன்னிசா கத்தியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாடி, மீனுக்கு போட்டோ புடிச்சிக்கினு கீறே. கொழம்புக்கு நேரமாவுது."

அகன்ற வாய், மீசை, வழவழத்த தோலின் பளபளப்பு, எல்லாம் படத்தில் இறங்கின. ஸ்ரீவத்சன் வெகுநேரம் பார்த்தார்.

"பாவமா இருக்கு," என்றார். "கூப்ட்டு சோறு போடணும் போல இருக்கு."

ரூஹிக்கு எரிச்சல் வந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். "எனக்கு சுத்தமா புரியல சார். எப்படி இருக்கணும்னு நீங்களே ஒருவாட்டி செஞ்சு காட்டிடுங்களேன். போன்ல புடிச்சுக்கறேன், வரையறப்ப பாத்துக்கலாம்."

கூச்சப்பட்டு நழுவிவிடுவார் என்று நினைத்துத்தான் கேட்டாள். அவரோ கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கல்லூரி நாடகத்தில் எல்லாம் நடித்தவராம். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே குந்தினார். கழுத்து தோளுக்குள் போய்விட்டது. இடது புருவம் மட்டும் நெற்றியில் ஏறிக்கொண்டது. வலது அசையவில்லை. கீழுதடு மேலுதட்டின்மேல் மடிந்தது. மூக்கு விரிந்தது. தண்ணீர் லாரியின் குழாய் கடைசியில் உறிஞ்சுவதுபோல் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்து அறையில் யாரோ நாற்காலியைத் தள்ளி எழுவது கேட்டது.

"புரிஞ்சுதா?" என்றார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டே.

"நல்லா புரிஞ்சுது சார்."

வீட்டுக்கு வந்து டேப்லெட்டைத் திறந்து, முதலில் உருவத்தை வெறும் கறுப்பாக நிரப்பினாள். உள்ளங்கையில் அடங்கும் சீட்டு. எட்டி நின்று பார்த்தாலும் இன்னதென்று தெரிய வேண்டும். தோளுக்குள் புதைந்த தலையைச் சுண்டுவிரல் நகமளவுக்குச் சுருக்கினாலும் தெரிந்தது. பிறகு சேற்றின் பழுப்பையும் அடியிலிருந்து வரும் பச்சை வெளிச்சத்தையும் தீட்டினாள். தோல் கெளுத்தியுடையதாகவே இருந்தது. முகம்தான் பிரச்சினை. யாருடையது என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று புருவத்தை இறக்கினாள், மூக்கைச் சுருக்கினாள். மடுவிழுங்கி பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப்போல் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பழையபடி வைத்தாள். உடனே அது உயிரோடு முறைத்தது. மரியாதைக்கு நெற்றியில் கொஞ்சம் பாசி வளர்த்துவிட்டாள்.

ஆட்டத்துக்கு விதிகள் எழுதும் விக்கிதான் முதலில் பார்த்தான்.

"இன்னா ரூஹி, சாரு தண்ணிக்குள்ள கீறாரு?"

"வாய மூடு."

"மூடிக்கினேன். அவருக்குக் கண்ணு கீதே, அத்த இன்னா பண்ணுவே?"

ஸ்ரீவத்சன் படத்தைப் பார்த்தபோது ரூஹி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதான்," என்றார் அவர். "இதத்தான் நான் கேட்டுண்டே இருந்தேன். எங்கேந்து பிடிச்சே?"

"கெளுத்தி மீன்தான் சார்."

முறைக்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ரூஹிக்குப் போன உயிர் வந்தது. எப்படியும் நகமளவு முகம்தான், வேறு எவர் கண்ணிலும் படப்போவதில்லை என்று இருந்துவிட்டாள். சந்தோஷம் தாங்காமல் ஸ்ரீவத்சன் அதை ஆள் உயரத்துக்கு அச்சடிக்கச் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியாது.

தி.நகரில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. வாசலில் மடுவிழுங்கி நின்றது. பக்கத்தில் நின்று எல்லோரையும் வரவேற்றார் ஸ்ரீவத்சன். வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், இருமிக்கொண்டே உள்ளே போனார்கள். ரூஹி காபி மேஜையை விட்டு நகரவில்லை.

கடைசியாக அவருடைய மனைவி மீனாட்சி ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள். படத்தின் முன் நின்றாள்.

"ஏன்னா, இது நீங்கதானே?"

"எது?"

"காபி ஆறிப்போயிடுத்துன்னா இந்த மூஞ்சிதானே வரும்."

ஸ்ரீவத்சன் திரும்பினார். போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து, இடது புருவத்தை மெல்ல உயர்த்திப் பார்த்தார். 

"ரூஹி."

காபி மேஜையை விட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அன்னிக்கு எடுத்துண்டியே, அதுவா?"

"ஆமா சார். மாத்தி மாத்திப் பாத்தேன். வேற எதுவுமே பயமா வரல."

"மூக்கு இவ்ளோ பெருசா?"

"கொறைச்சுத்தான் போட்டிருக்கா," என்றாள் மீனாட்சி.

அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு விக்கியைக் கூப்பிட்டார். "இந்தச் சீட்டுக்கு பலம் எவ்வளவு போட்டிருக்கே?"

"ஆறு சார்."

"ஆறா? எலும்பு யானைக்கு எட்டு குடுத்திருக்கே."

"ஏத்துனா ஆட்டமே கெட்டுடும் சார்."

"உக்காரு. ஆடிப் பாத்துடலாம்."

இருவரும் எதிரெதிரே உட்கார, மண்டபமே சுற்றி நின்றது. ஸ்ரீவத்சன் மடுவிழுங்கியை இறக்கினார். அது விக்கியின் இரண்டு படகுகளை விழுங்கியது. அவர் மீனாட்சியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். விக்கி நிதானமாக மூன்றாவது சீட்டை வைத்தான். ஓட்டைப் படகு.

"இத்த முழுங்குனா தொண்டையில மாட்டிக்கும் சார். மடுவிழுங்கி அவுட்டு. ரூல்ல கீது."

ஸ்ரீவத்சன் அந்தச் சீட்டையே பார்த்தார். கழுத்து மெதுவாகத் தோளுக்குள் இறங்கியது. இடது புருவம் ஏறியது. உதடு மடிந்தது. முதலில் சிரித்தது மீனாட்சி. அப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை.

ரூஹி மட்டும் சிரிக்கவில்லை. மடிந்த உதட்டுக்குக் கீழே மோவாய் முழுக்கக் கமலாப்பழத் தோல்போலக் குழிகுழியாகச் சுருங்கியிருந்தது. அன்றைக்கு நடித்துக் காட்டியபோது அது வரவில்லை. கைப்பையில் பென்சிலைத் தேடி, ஒரு காபிக் கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டு முன்னால் போனாள்.

"ஒரு நிமிஷம் அப்படியே இருங்க சார்."

அவர் அப்படியே இருந்தார்.

அடுத்த அச்சில் அந்த மோவாய் வந்துவிட்டது. பலத்தை ஏற்ற மட்டும் விக்கி கடைசிவரை சம்மதிக்கவில்லை.