அடுத்த வண்டி

கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள் மகள். பார்வை போய் மூன்று வருடமான மனுஷருக்கு ஊமைப்படம் போட்டுக் காட்டுகிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. அப்பாதான் கேட்டார். இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போனபிறகு அவர் கேட்டது இரண்டே விஷயம். அந்தப் பழைய சோவியத் படம். அப்புறம், மகன் எப்போது வருவான்.

மகன் வரப்போவதில்லை. லீவு கிடையாது, எல்லாம் முடிந்ததும் சொல்லு என்று அண்ணன் அவளிடம் போனில் சொல்லிவிட்டான். பாவி, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எந்த வாயால் சொல்வதென்று தெரியாமல் மதியம்வரை ஓட்டிவிட்டாள்.

அப்பா பஸ் கண்டக்டர். கடைசி சீட்டுவரை எட்டும் குரல். அதனாலேயே திரைப்படச் சங்கத்தில் ஊமைப்படம் போட்டால், நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் உரக்கப் படிக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. மொழிபெயர்த்து யாராவது தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அம்மா இறந்த மாதம், மகன் ஹாஸ்டலில் இருந்ததால், ஏழு வயது மகளை வீட்டில் தனியாக விட மனசில்லாமல் இந்தப் படத்துக்குக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

இப்போது என்ன ஓடுகிறது என்று கட்டிலிலிருந்து அப்பா கேட்டார். ஸ்டேஷனில் பனி கொட்டுகிறது, சண்டைக்குப் போன அண்ணனைத் தேடி அந்தப் பெண் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டியிலிருந்து இறங்கிய சிப்பாய் ஒருவன் பெண்ணிடம் ஒரு தொப்பியை நீட்டினான். அடுத்து வரும் அட்டை அவளுக்கு மனப்பாடம். அடுத்த வண்டியில் வருவான் என்று அப்பா படித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அட்டைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஓடிய வரி வேறு சொன்னது. அவன் இனி வரமாட்டான்.

நிறுத்தி, திரும்பப் பார்த்தாள். அதேதான். அந்த அண்ணன் வந்து சேர்ந்துவிட்டான் என்றே நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்துப் படிக்காமல், முன்வரிசையைப் பார்த்துப் படித்திருக்கிறார் மனுஷர். சங்கத்தில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

"அட்டை வந்துடுச்சா? என்ன போட்டிருக்கு?" என்றார் அப்பா.

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அடுத்த வண்டியில வந்துடுவான்ப்பா."

அப்பாவின் கை போர்வைமேல் தடவித் தடவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"சரியாத்தான் படிக்கிற," என்றார்.

அதற்குப் பிறகு மகனைப் பற்றிக் கேட்கவில்லை. படம் முடிவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

அண்ணனுக்குச் சொல்லவேண்டும். போன் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்காமல், அப்பா பிடித்திருந்த கையை அப்படியே இருக்கவிட்டு, மற்ற கை விரலால் படத்தைப் பின்னுக்குத் தள்ளி, சிப்பாய் இறங்குவதற்கு முன்னால் நிறுத்தினாள். பனியில் அந்தப் பெண் வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.